மீரிம் தொலைக்காத தோடு

காலை 10:00. மீரிமின் போன் மணியடித்தது. திரையில் அவளே எழுதி வைத்திருந்த வரி வந்தது: ‘தோடு இருக்கா? படம் எடு.’ அடுக்களை அலமாரி முன் போய் நின்று படம் எடுத்தாள். அதற்கப்புறம்தான் தோட்டைப் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்தாள். ஜாடி காலி.

காணாமல் போனது பவழம் பதித்த ஒரு ஜோடி வெள்ளித் தோடு. பதினோரு மணிக்குக் கார் பிஷ்கெக்கை விட்டுக் கிளம்ப வேண்டும். தோக்மோக்கில் பெண் வீட்டார் ஆடு அறுத்துக் காத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் காதில் தோடு போட்டால்தான் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளை, மீரிமின் தம்பி குபாத். தோட்டை நானே வைத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கியவள் மீரிம். முப்பத்தாறு வயதாகியும் அதுவரை அவளை நம்பி யாரும் ஒரு சாவியைக்கூடக் கொடுத்ததில்லை.

10:05. தேடல் தொடங்கியது. யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, அதுதான் கொடுமை. குபாத் நேராக ஃபிரிட்ஜைத் திறந்தான். போன வருஷம் அக்காவின் பாஸ்போர்ட் அங்கேதான் கிடைத்தது. கணவன் ஜோல்தோஷ் துணி துவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டான். அம்மா ஊல்கான் தன் கைப்பையை நாற்காலியில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப அடுக்கினார்.

“எங்கயாவது வச்சிருப்பக்கா, கெடச்சிரும்,” என்றான் குபாத். அன்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வீட்டில் அலமாரிகளுக்குக் கதவு கிடையாது. கண்ணில் படாத பொருள் மீரிமைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ‘நீ சோம்பேறி இல்லை, உன் மூளை வேலைகளை வரிசைப்படுத்தும் விதம் வேறு’ என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஜோல்தோஷ் கதவுகளைக் கழற்றிவிட்டான். டப்பாக்களின் மூடிகளெல்லாம் ஒரு கூடைக்குப் போயின. ஊல்கானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சோம்பேறித்தனத்துக்கு இப்போது பேர் வேறு வைத்துவிட்டார்களா என்று கேட்டவர் அவர்.

10:15. மீரிம் தேடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். நான்தான் தொலைத்தேனா? தன் ஞாபகத்தை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. இரண்டு மணிக்கொரு தரம் போன் அடித்ததும் எடுக்கும் படங்களை நம்பினாள். எட்டு மணிப் படத்தில் தோடு இருக்கிறது. பத்து மணிப் படத்தில் இல்லை. பயந்து நடுங்குவதை விட்டுவிட்டு விசாரிப்போம் என்று எழுந்தாள்.

“குபாத், நீ எப்ப வந்த?”

“ஒம்பது. சட்டைக்கு இஸ்திரி போட.”

“ஜாடியப் பாத்தியா?”

“பாத்தேன். காலியாத்தான் இருந்துச்சு. நீ எடுத்துக் கட்டி வச்சுட்டன்னு நெனச்சேன்.”

ஆக, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். ஜோல்தோஷ் எட்டுக்கு முன்பே கீழே இறங்கிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். குபாத்தோடுதான் மேலே வந்தான். மீரிம் 8:20 முதல் 8:45 வரை குளித்தாள். வெளியே வந்தபோது வீடெல்லாம் தீய்ந்த பால் வாடை. காலையிலேயே வந்து அடுக்களையில் இருந்த அம்மா, பால் பொங்கிவிட்டது என்றார்.

10:30. இரண்டு படங்களையும் பெரிதாக்கினாள். இந்த முறை ஜாடியை விட்டுவிட்டு, அடுப்போரம் இருந்த ஐந்து டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஊல்கான் மூன்றாவது தடவையாகக் கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் இருவரையும் காரில் தேடச் சொல்லிக் கீழே அனுப்பினாள்.

“அம்மா, எல்லாரும் நான் வைக்கிற எடத்துல தேடுறாங்க. நீங்க மட்டும் ஏன் உங்க பையிலயே தேடுறீங்க?”

ஊல்கானின் கை நின்றது.

மீரிம் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். மகள் குளிக்கப் போனதும் அம்மாவுக்குப் பயம் வந்திருக்கிறது. தன் பையில் இருந்தால் பத்திரம் என்று தோட்டை எடுத்திருக்கிறார். பை வரைக்கும் போவதற்குள் பால் பொங்கியிருக்கிறது. ஓடியிருக்கிறார். கையில் இருந்ததைக் கை எங்கேயோ வைத்துவிட்டது. அந்த வெற்றிடம் மீரிமுக்கு நன்றாகத் தெரிந்த இடம். அவள் பாதி நாள் அங்கேதான் குடியிருந்தாள்.

“எடுத்தது ஞாபகம் இருக்கு,” என்றார் ஊல்கான். “அடுப்பு வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. எல்லாரும் உன்னையே சொன்னாங்களா, நானும் பேசாம இருந்துட்டேன்.”

மீரிம் போனை நீட்டினாள். எட்டு மணிக்கு ஐந்து டப்பாவும் திறந்திருந்தன. பத்து மணிக்கு அரிசி டப்பாவுக்கு மட்டும் மூடி இருந்தது. கூடையில் துழாவி, அளவு பார்த்து எடுத்து மூடுகிற ஆள் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் ஒருவர்தான். கையில் இருந்ததை அரிசியில் போட்டு, அடுப்பை அணைத்து, பாலைத் துடைத்து, பழக்கதோஷத்தில் டப்பாவையும் மூடியிருக்கிறார். மீரிம் மூடியைத் திறந்து மணிக்கட்டு வரை கையை விட்டாள். தோடு தட்டுப்பட்டது.

ஊல்கான் அந்த மூடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். உள்ள கெடக்குற குப்பைய யாரும் பாத்துரக் கூடாதுன்னு எல்லாத்தையும் மூடி மூடி வப்பேன். உன்னைத் திட்டுனதெல்லாம்...” மீரிமுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. இத்தனை வருஷமும் இந்தப் பொம்பளை தன்னந்தனியாக எப்படிச் சமாளித்தாள் என்று நினைத்து அழுதாள்.

10:50. ஆண்கள் படியேறி வந்தார்கள். பழி ஏற்றுப் பழகிய வாய் தானாகவே திறந்தது.

“கெடச்சிருச்சு. நான்தான் அரிசியில...”

“அவ இல்ல,” என்றார் ஊல்கான். “நான் எடுத்தேன். நான் தொலச்சேன். அவ கண்டுபிடிச்சா.”

குபாத் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், மூடியிருந்த ஃபிரிட்ஜை இன்னொரு தரம் அழுத்திச் சாத்தினான்.

11:04. கார் கிளம்பியது. தோடு ஊல்கானின் கைக்குள் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் முன்சீட்டில் ஆண்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஊல்கான் மகளின் பக்கம் சாய்ந்தார்.

“மீரிம், அந்த டாக்டரம்மா என் வயசுக்காரங்களையும் பாப்பாங்களா?”

“பாப்பாங்கம்மா.”

“நான் என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் யோசிக்காதீங்க,” என்றாள் மீரிம். “நானும் கூட உள்ள வர்றேன்.”