முதல் மூட்டை

பத்து மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள், கண்ணுகளா. அதற்குப் பிறகு யார் தட்டினாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

அதை நினைத்து நினைத்தே கெஸியா தன் சித்தி எல்சாவின் சக்கர நாற்காலியைத் தள்ளினாள். குன்னூரில் மேடு இல்லாத தெரு ஏது? சித்தியும் கைகளால் சக்கரத்தை உருட்டினாள். மணி ஒன்பது நாற்பது.

நடைபாதையில் ஏற ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். புத்தம் புதுசு. அதன்மேல் பச்சைத் தேயிலை மூட்டைகள்! ஒன்றல்ல, பதினொன்று.

"ரோட்டிலேயே போயிடலாமா?" என்றாள் சித்தி.

அப்போதுதான் வளைவில் ஒரு பஸ் ஓரத்தை உரசிக்கொண்டு இறங்கியது. கெஸியா நாற்காலியைச் சட்டென்று ஓரத்துக்கு இழுத்தாள். ரோடு வேண்டாம்!

மூட்டைமேல் சாய்ந்திருந்த தேயிலைக்காரர் மாரப்பனிடம் கெஸியா போனாள். "ஏனுங்க மாமா, மூட்டையை நகர்த்துங்க. சித்திக்குப் பரீட்சை!"

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "நகர்த்துனா என் வரிசை போயிரும் கண்ணு. முதல் மூட்டை எங்கயோ, அதுக்குப் பின்னாடிதான் எல்லாரும். ஃபேக்டரி லாரி வந்தா அந்த வரிசையிலதான் எடை போடுவாங்க. அடுத்தவங்க மூட்டைய யாரும் தொடவும் மாட்டோம்."

"முதல் மூட்டை யாரோடதுங்க?"

"மூக்கம்மாவோடது. டீக்கடையில இருக்காங்க."

கெஸியா ஓடினாள். மூக்கம்மா டீயில் வர்க்கி பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார்.

"நகர்த்தணுமா? ஆறு மணிக்கே வந்து புடிச்ச இடமாக்கும்!"

கெஸியாவுக்கு அழுகை முட்டியது. கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. திரும்பிச் சரிவைப் பார்த்தாள்.

"வரிசைய விட வேண்டாங்க பெரியம்மா. சரிவுக்குக் கீழே மதிலோரம் காலியாத்தான கிடக்குது? உங்க மூட்டைய அங்க வெச்சாலும் நீங்கதான முதல்? மத்தவங்க தானா பின்னாடி வந்துருவாங்க!"

மூக்கம்மா வர்க்கியை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அப்புறம், "அட, ஆமா புள்ள!" என்று எழுந்தார்.

முதல் மூட்டை மதிலோரம் போனது.

"ஏனுங்க மூக்கம்மா, மூட்டையோட எங்க ஊர்வலம்?" என்று கேட்டுக்கொண்டே மாரப்பன் தன் மூட்டையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். யாருக்குத்தான் இடத்தை விட மனசு வரும்?

சரிவு காலி!

"தள்ளு புள்ள, தள்ளு!" என்று மூக்கம்மா கத்தினார்.

தூரத்தில் காவலாளி கேட்டில் கை வைத்துவிட்டார்.

"இருங்க! இருங்கண்ணா!" கெஸியா தள்ளிக்கொண்டே கத்தினாள்.

"ஏம்மா இப்படிக் கத்தற? இன்னும் ஒரு நிமிஷம் இருக்குதே," என்றார் அவர்.

சக்கரங்கள் உள்ளே உருண்டன. பின்னாலேயே கேட் கிரீச்சென்று மூடியது.

சித்தி உள்ளே. கெஸியா வெளியே. அந்தக் கிரீச் சத்தம் அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.