மூன்றாம் வாசலில் ஒரு பலகை

காலை எட்டு மணிக்கு ரோஷெல் டிப்ஸ் கதவைத் தட்டவில்லை. முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் மழையில் நனைந்த ஒரு அட்டைப் பலகை. ஆரஞ்சு நிற மேலங்கியின் முதுகில் ‘கம்பித் தொழிலாளர் சங்கம், கிளை 943’ என்று இருந்தது. பலகையை ஐரீன் சொபோட்காவின் மேசைமேல் வைத்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் டெல்பர்ட் ஓக்ஸின் காபிக் கோப்பையைச் சுற்றிக் குளம் கட்டியது.

“நாங்க பண்ணல, ஐரீன். சத்தியமா நாங்க பண்ணல.”

“எதை?” என்றார் ஐரீன்.

“வேலைநிறுத்தம்.”

டெல்பர்ட் கோப்பையை நகர்த்திவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். பதினொரு வருஷமாக ஐரீனின் விசாரணைகளில் சுருக்கெழுத்து எடுப்பவன் அவன். நூற்று இருபது கிலோ உடம்பும், எந்த வழக்கையும் முதல் ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிடத் துடிக்கும் மனசும் அவனுக்கு. ஐரீன் அப்படியில்லை. மத்தியஸ்தம் செய்ய வருமுன் இருபது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவருக்கு மூச்சுவிடுவது போல.

சங்கத்தின் தலைவியான ரோஷெல் சொன்னது இதுதான். ஏரிக்கரையில் நகரம் கட்டிக்கொண்டிருக்கும் குடிநீர் நிலையத்தின் மூன்றாம் வாசலில் காலை ஆறு மணிக்கு முகமூடித் தொப்பியும் மழைக்கோட்டுமாக மூன்று பேர் இந்தப் பலகையோடு நின்றார்கள். வேலைக்கு வந்த நூற்று நாற்பது பேரும் பலகையைப் பார்த்து, வேலைநிறுத்தப் பலகையைத் தாண்டுவதில்லை என்ற வழக்கப்படி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழரைக்கு அந்த மூவரும் பலகையை வேலியில் சாய்த்துவிட்டு மறைந்துபோனார்கள். யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

“இன்னைக்கா பார்த்து!” என்றான் டெல்பர்ட்.

போர்ட் டிலேனி நகரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. குடிநீர் நிலையத்துக்காக நகரமும் ஒப்பந்தக்காரர்களும் பதினான்கு சங்கங்களும் சேர்ந்து ஒரே திட்டத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை வேலைநிறுத்தம் இல்லை என்பது சங்கங்கள் கொடுத்த வாக்கு. சங்கங்கள் மூலமாகவே ஆளெடுப்போம், நூற்றில் முப்பது பேர் இந்த ஊர்க்காரர்களாக இருப்பார்கள் என்பது மறுபக்கம் கொடுத்த வாக்கு. தகராறு வந்தால் ஒரு நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் என்று ஐரீனின் பெயரை அதில் எழுதியிருந்தார்கள். புதிய பள்ளிக்கூடத்தையும் இதே ஒப்பந்தத்தில் கட்டலாமா என்று நகர மன்றம் இன்று மாலை ஐந்து மணிக்கு வாக்களிக்கப் போகிறது.

“அஞ்சு மணிக்குள்ள இது தீரலைன்னா, ‘இவங்க வாக்கு காத்துல எழுதினது’ன்னு சொல்லி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க. நாப்பத்திரண்டு பசங்க, ஐரீன். நம்ம கிழக்குத் தெருப் பிள்ளைங்க. தொழில் கத்துக்க இப்பத்தான் உள்ள வந்திருக்காங்க.”

ஐரீன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு மையில் தடித்த எழுத்துகள்: ‘கம்பித் தொழிலாளர் சங்கம், கிளை 934. வேலைநிறுத்தம்.’

“நம்பரே தப்பு!” என்று கூவினான் டெல்பர்ட்.

“அதைத்தான் நானும் சொன்னேன். ‘நாளைக்கு நாங்க இல்லன்னு கைகழுவுறதுக்காக நீங்களே வேணும்னு தப்பா எழுதினீங்க’ன்னு கம்பெனி வக்கீல் சொல்றாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“இந்த நம்பரை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்” என்றார் ஐரீன் மெதுவாக. “கிளம்பு டெல்பர்ட். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டுக்கோ.”

காரில் போகும்போதே டெல்பர்ட் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். “கர்ட் லிண்ட்குவிஸ்ட்தான், மேடம். சங்கமே இல்லாத கம்பெனி வெச்சிருக்கான். இந்த ஒப்பந்தத்தால எனக்கு வேலையே கிடைக்கலன்னு மன்றத்துல மூணு வாட்டி கத்தினான். இல்லன்னா எமில் பாஸ்கோ. சங்கத் தேர்தல்ல ரோஷெல்கிட்ட தோத்தவன். ஒண்ணும் தெரியாத பசங்களையெல்லாம் ரோஷெல் உள்ள விடுறாங்கன்னு ஆறு மாசமா முணுமுணுக்கிறான்.”

“ரெண்டு பேர்ல ஒருத்தரை முடிவு பண்ணிட்டு அப்புறம் சொல்லு” என்றார் ஐரீன்.

மூன்றாம் வாசலின் காவல் கூண்டில் ஓபல் என்ற பெண் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். இரவெல்லாம் அவள்தான் காவல்.

“இருக்கிறது ஒரே வாசல்தானா?” என்று கேட்டார் ஐரீன்.

“வண்டி வர்றதுக்கு இது ஒண்ணுதாங்க. மத்த ரெண்டும் மழையில சேறாகி, போன வாரமே பூட்டியாச்சு. இதோ பாருங்க. அஞ்சு அம்பதுக்குக் காபி வண்டி. அதுதான் இன்னைக்கு முதல் போணி. ஆறு மணிக்கு அந்த மூணு பேரு. ஆறே காலுக்கு, ராத்திரி கொட்டகையிலேயே தங்கின வெர்ஜில் சார் போன் பண்ணி, ‘யாரையும் உள்ள விடாதே’ன்னாரு. விட நான் யாரு? ஒருத்தனும் வரலையே!”

வெர்ஜில் ஹேனி கட்டுமானத்தின் தலைமை மேற்பார்வையாளர். அறுபத்தொரு வயது. தகரக் கொட்டகை அலுவலகத்தில் அவர் காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் தலைக்கு மேலே அலமாரியில் வரைபடச் சுருள்களும் தடித்த கோப்புகளும் அடுக்கியிருந்தன.

“என்னத்தைச் சொல்ல, மேடம். இன்னைக்கு ஆறரைக்கு நாலாம் தொட்டிக்குத் தளம் போடணும். இருபத்தாறு வண்டி கான்கிரீட். பம்புல ஏத்தித்தான் ஊத்தணும். ஆறே காலுக்கு இந்த சன்னல் வழியா பலகையைப் பார்த்தேன். உடனே ஆலைக்குப் போன் போட்டு நிறுத்தினேன். இனி நாலு நாள் போச்சு.”

“அந்த நாலு நாள் யார் கணக்கு?”

“வேலைநிறுத்தம்னா சங்கத்துக் கணக்கு. எங்களுக்குத் தண்டம் கிடையாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரோஷெல் நல்ல பொண்ணு. அவளைச் சொல்லல. ஆனா அவ ஆளுங்க…”

நாலாம் தொட்டியின் ஓரத்தில் எமில் பாஸ்கோ உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தான். வேலை இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போகாமல் சுற்றுகிற ஆள்.

“முதல்ல வண்டியைத் திருப்பினது நீதானாமே?” டெல்பர்ட் அதட்டலாகக் கேட்டான்.

“ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்போ? பலகை நின்னா நான் தாண்ட மாட்டேன். எங்கப்பனும் தாண்டல. கிட்டப் போயி நம்பர் படிச்சுப் பார்த்துட்டா நிப்பாங்க, பிரதர்? மழை வேற.”

“ரோஷெல் மேல உனக்குக் கோவம்.”

“நிறையவே இருக்கு. அதுக்காக என் சங்கத்து நம்பரை நானே தப்பா எழுதுவேனா? இதைப் பாரு.” சட்டைக் கையை மடித்தான். முன்னங்கையில் 943 என்று பச்சை குத்தியிருந்தது. டெல்பர்ட் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டான்.

ஐரீன் இருவரையும் கவனிக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி, கட்டி முடித்த கம்பிகளின் நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தார். மூன்று பக்க ஓரங்களிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் பட்டை நீட்டிக்கொண்டிருந்தது. வடக்கு ஓரத்தில் இல்லை.

“எமில், இந்தப் பட்டை எதுக்கு?”

“தளமும் சுவரும் சேர்ற இடத்துல தண்ணி கசியாம இருக்க. பாதி தளத்துக்குள்ள, பாதி…” எமில் எழுந்து நின்றான். கொழுக்கட்டையை டப்பாவில் திரும்பப் போட்டான். “ஐயய்யோ. வடக்குல எங்க போச்சு? நேத்து மத்தியானம் அந்தப் பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க, மேடம். நாங்க பார்க்கல. இதுமேல கான்கிரீட் போட்டா ஜென்மத்துக்கும் ஒழுகும்.”

“புதுசா வைக்க எத்தனை நாள் ஆகும்?”

“பட்டை கையில இருந்தா ஒரு நாள். வரவழைக்கணும்னா நாலு நாள்.”

ஐரீன் தலையசைத்தார். “டெல்பர்ட், ரெண்டு மணிக்குக் கொட்டகையில விசாரணை. எல்லாரும் வரணும். அவங்கவங்க ஒப்பந்தப் பிரதியை எடுத்துட்டு வரணும்.”

“லிண்ட்குவிஸ்டுமா?”

“அவரும்தான்.”

இரண்டு மணிக்குக் கொட்டகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரோஷெலும் எமிலும் ஒரு பக்கம். வெர்ஜிலும் கம்பெனி வக்கீலும் எதிர்ப்பக்கம். வாசலோரம் கர்ட் லிண்ட்குவிஸ்ட், கைகளைக் கட்டிக்கொண்டு.

“எனக்கு இந்த ஒப்பந்தமே பிடிக்காது, ஊருக்கே தெரியும். ஆனா எதுவா இருந்தாலும் மைக் முன்னாடி நின்னு சொல்றவன் நான். மூஞ்சியை மூடிட்டுப் பலகை தூக்குற ஆள் இல்ல” என்றார் அவர்.

“நம்புறேன்” என்றார் ஐரீன். “உங்க பிரதியைக் கொடுங்க.”

ரோஷெலின் பிரதியில் கையெழுத்துகள் இருந்தன. லிண்ட்குவிஸ்டுடையது நகரத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஓரமெல்லாம் சிவப்பு மையால் திட்டி எழுதியது. இரண்டிலும் கடைசிப் பக்கச் சங்கப் பட்டியலைத் திறந்து பார்த்தான் டெல்பர்ட். 943. எமிலிடம் பிரதியே இல்லை. “என் சங்கத்துப் பேரைத் தெரிஞ்சுக்க எனக்குப் புத்தகம் எதுக்கு?” என்றான்.

“வெர்ஜில், உங்களது?”

வெர்ஜிலின் கண் தலைக்கு மேலிருந்த அலமாரிக்குப் போயிற்று. ஐரீன் கண்காட்ட, டெல்பர்ட் எழுந்து அலமாரியிலிருந்து ஒப்பந்தம் இருந்த நீலக் கோப்பை எடுத்தான். கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அவன் குரல் தானாகத் தாழ்ந்தது.

“934.”

“கையெழுத்துப் போட்ட அன்னைக்குக் காலையில அந்தப் பிழையை நான்தான் கண்டுபிடிச்சேன்” என்றார் ஐரீன். “எங்கே பார்த்தேன்னு ஞாபகம் வரத்தான் கொஞ்ச நேரம் ஆச்சு. எல்லாப் பிரதியிலயும் பக்கத்தை மாத்தினோம். ஆனா அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரே ஒரு பிரதி மட்டும் இந்தக் கொட்டகைக்கு வந்துடுச்சு. அதை மாத்த யாருக்கும் தோணல. பலகை எழுதினவருக்குக் கம்பிக்காரங்க நம்பர் மனப்பாடம் இல்ல. இந்தக் கோப்பைப் பார்த்துத்தான் எழுதியிருக்கார்.”

வக்கீல் எழுந்தார். “இந்தக் கொட்டகைக்குள்ள யார் வேணும்னாலும் வரலாம். இது ஒரு ஆதாரமா?”

“இது மட்டும்னா இல்ல. உட்காருங்க. வெர்ஜில், இருபத்தாறு வண்டி கான்கிரீட்டை ஊத்தற பம்பு வண்டி எவ்வளவு முன்னாடி வரணும்?”

எமில்தான் சொன்னான். “ஒரு மணி நேரம் முன்னாடி வரணும். வண்டி இரும்புக் காலை ஊன்றி, நீளக் குழாய்க் கையை விரிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.”

“அப்போ அஞ்சரைக்கு அது வாசல்ல நின்னிருக்கணும். பலகை வர்றதுக்கு அரை மணி முன்னாடி. ஓபலோட நோட்டுல இன்னைக்கு முதல் வண்டி காபி வண்டி, அஞ்சு அம்பதுக்கு. பம்பு வரல. அது வரலையேன்னு நீங்க யாரையும் கேட்கவும் இல்ல. வராதுன்னு உங்களுக்குத் தெரியும். டெல்பர்ட், கான்கிரீட் ஆலைக்குப் போன் பண்ணினியே, என்ன சொன்னாங்க?”

டெல்பர்ட் குறிப்பைப் படித்தான். “நேத்து சாயங்காலம் அஞ்சு இருபதுக்கே ரத்து பண்ணிட்டாங்களாம். பேசினது வெர்ஜில் ஹேனி.”

வெர்ஜில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பட்டையைக் குறைச்சு ஆர்டர் பண்ணினது நான்தான்” என்றார். “நேத்துத்தான் கவனிச்சேன். போன மாசமே ஒரு தாமதத்துக்குக் கம்பெனியில எச்சரிக்கை வாங்கினேன். இன்னொண்ணு நடந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. அந்த மூணு பேரு என் மச்சினனும் அவன் சிநேகிதங்களும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல ஒருத்தர், பேசாம மேல ஊத்திடுன்னு சொன்னாரு. யாருக்கும் தெரியாது, கசிஞ்சா அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு. அது மட்டும் என்னால முடியல.”

ரோஷெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று டெல்பர்ட் எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை.

“பதினொண்ணாம் பிரிவைப் படிச்சீங்களா, வெர்ஜில்? சாமான் வரலைன்னா ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி வேலை வரிசையை மாத்திக்கலாம். சனி, ஞாயிறு ஷிப்ட் போட்டுக்கலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு மூணாம் தொட்டியில கம்பி கட்டியிருப்போம். ஒரு நாள்கூட போயிருக்காது.”

“எனக்குத் தெரியாது” என்றார் வெர்ஜில்.

“கோப்பு உங்க தலைக்கு மேலதான் இருந்துச்சு. பலகை எழுதறதுக்கு மட்டும் திறந்திருக்கீங்க.”

ஐரீன் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல டெல்பர்ட் தட்டச்சு செய்தான். சங்கம் ஒப்பந்தத்தை மீறவில்லை. வேலையை நிறுத்தியது மேற்பார்வையாளர் ஏற்பாடு செய்த பொய்ப் பலகை. தாமதம் ஒப்பந்தக்காரரைச் சேரும். பிறகு ஐரீன் ஒரு நொடி யோசித்தார்.

“இதையும் சேர்த்துக்கோ. குறையோடு தளம் போடச் சொன்னபோது வெர்ஜில் ஹேனி மறுத்துவிட்டார்.”

வக்கீல் துள்ளி எழுந்தார். “அது இந்த வழக்குக்கே சம்பந்தமில்லாதது! அந்த வரியை நீக்கணும்.” அவர் முகம் வெளுத்திருந்தது. ஊற்றச் சொன்ன அந்த ‘ஒருத்தர்’ யார் என்பதுதான் அடுத்த கேள்வி, அது எங்கே போய் முடியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“பாதிக்கப்பட்ட தரப்பு சொல்லட்டும்” என்றார் ஐரீன். “ரோஷெல், இந்த மனுஷன் உங்களை மாட்டிவிடப் பார்த்தவர். அவருக்கு நல்லதா ஒரு வரி தீர்ப்புல வேணுமா?”

ரோஷெல் திரும்பிப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே தொட்டியின் வடக்கு ஓரம் தெரிந்தது.

“எனக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கு” என்றார். “அந்தத் தொட்டித் தண்ணியத்தான் அவ குடிக்கப் போறா. எழுதுங்க.”

டெல்பர்ட் எழுதினான். ஐந்து மணிக்கு அதை நகர மன்றத்தில் ஒரு வரி விடாமல் படித்தார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பள்ளிக்கூடத்துக்கும் அதே ஒப்பந்தம் என்று முடிவாயிற்று. எதிர்த்துப் பேசிய லிண்ட்குவிஸ்ட் வெளியே போகும்போது, படியில் தனியாக நின்றிருந்த வெர்ஜிலின் அருகே சற்று நின்றார். அவர் கையைக் குலுக்கிவிட்டு மழைக்குள் இறங்கினார்.