கடன் வாங்கிய மூச்சு

செத்துப்போன ஒருவரின் மூச்சைக் கடன் வாங்கி, அதை என் நெஞ்சுக்குள் வைத்து, கருங்கல் ஊர்ச் சந்தைவரை கேட்கும்படி ஊதி, சேதாரம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

நம்ப மாட்டீர்கள். என் மனைவி சபிதாவே முதலில் நம்பவில்லை. மழை பெய்கிறது என்று நான் சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பாள் அவள்.

எல்லாம் பெங்களூர்ப் பயணத்துக்குத் திட்டம் போட்டதில் தொடங்கியது. அங்கே வேலை பார்க்கும் மகள் லிஜா வீடியோவில் கூப்பிட்டாள்.

“அப்பா, இங்க ஒரு ஜாஸ் கிளப் உண்டும். நேர்லயே வாசிப்பாவ. சனிக்கிழமைன்னா நிக்கக்கூட எடம் கெடையாது. மேடைக்குப் பக்கத்துலயே டேபிள் சொல்லியாச்சு. நீங்களும் அம்மையும் வாங்க.”

அவள் தோளுக்குப் பின்னால் மருமகன் ஸ்டெனியின் முகம் தெரிந்தது. மருமகன் முகத்தைக் கண்டால் என் நாக்கு எனக்கு அடங்காது.

“ஜாஸா? சாக்ஸபோன்தான மக்கா? நம்ம சகாயத்துக்க பேண்ட் செட்டுல நான் ஊதாத ஊத்தா!”

உண்மையில் நான் வாழ்நாளில் ஊதியது கண்டக்டர் விசில் ஒன்றைத்தான். அதுவும் சர்க்கார் கொடுத்தது.

மறுநாள் லிஜா மறுபடி கூப்பிட்டாள். அந்தக் கிளப்பில் இடைவேளைக்குப் பிறகு, கேட்க வந்தவர்களும் மேடையேறி வாசிக்கலாமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டாளாம். சம்பந்தி வீட்டார், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வருகிறார்களாம்.

“எங்க அப்பா வாசிப்பாவன்னு எல்லாவருட்டயும் சொல்லிட்டேன்.”

அவள் குரலில் இருந்த பெருமை என்னைத் தோலுரித்துப் போட்டது. “சரி மக்கா” என்று போனை வைத்தேன்.

பயணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கட்டிக்கொண்டிருந்த சபிதா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “போயி விசிலு ஊதிட்டு வாரும். ரெண்டு ஊதினா வண்டி கெளம்பிரும்லா.”

சகாயம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பேண்ட் மாஸ்டர். போன மழைக் காலத்தில் இறந்துபோனார். மகன் கத்தாரில். வீட்டை அவ்வப்போது திறந்து காற்றோட்டம் விடச் சொல்லிச் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தான். மேடையில் நாறிப்போகாமல் ஒரு பாட்டாவது பழகிவிடலாம் என்று ஒரு மதியம் அங்கே போனேன்.

வெளியே மழை கட்டி நின்றது. கரண்ட் இல்லை. பின்பக்கத்து ரப்பர் தோட்டத்தின் இருட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. ஈரச் சுவரும் பித்தளை பாலிஷும் கலந்த வாடை. கட்டிலுக்கு அடியில் பெட்டி. அதன்மேல் விரல் பதியும் அளவுக்குத் தூசி. திறந்தேன். சாக்ஸபோன் பளபளவென்று கிடந்தது.

எடுத்து வாயில் வைத்தேன்.

ஊதும் முனை ஈரமாக இருந்தது.

சூடாகவும் இருந்தது.

அந்த நொடியில்தான் யாரோ தன் வாயிலிருந்து எடுத்துத் தந்ததுபோல.

கீழே போடப் பார்த்தேன். உதடு விடவில்லை. நான் ஊதவில்லை, சத்தியமாக. அதுதான் எனக்குள் ஊதியது. புதுக் குழிமண் வாடையோடு ஒரு குளிர்ந்த காற்று தொண்டையில் இறங்க, என் விலா எலும்புகள் குடைக்கம்பிபோல விரிந்தன.

காதுக்குள் ஒரு முணுமுணுப்பு.

“பைய... பைய விடும் ஓய்.”

சகாயத்தின் குரல்.

என் விரல்கள் என்னைக் கேட்காமல் ஓடின. வந்த பாட்டு, சாவு வீட்டில் சவப்பெட்டி எடுக்கும்போது வாசிப்பது. மெல்லத் தொடங்கி, பாதியில் வழி மாறி, குழைந்து, சிரித்து, எந்தக் கோயிலிலும் கேட்காத ஒரு பாதையில் அது இறங்கிப் போனது. சந்தையில் மீன் வெட்டியவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்களாம். இதைச் சொன்னதும் நான்தான்.

ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பாட்டு கேட்டால் சும்மா இருக்க மாட்டார்கள். கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கினார்கள். செத்தது யாரென்று தெரியாமலே தேவாலயத்து உபதேசியார் துக்கமணி அடித்தார். பெண்கள் எங்கள் முற்றத்தில் புகுந்து சபிதாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவில் வயதில் மூத்தவன் நான்தானே! ஒரு மாலைகூட வந்துவிட்டது, “யூஜின் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி” என்று.

சபிதா அத்தனை கூட்டத்தோடும் சகாயத்தின் வீட்டுக்குள் வந்தாள். அவளைக் கண்டதும் எனக்கு ஒரே இருமல். நெஞ்சிலிருந்த காற்று மொத்தமும் சாக்ஸபோனுக்குள் திரும்பிப் போனது.

“மனுசனா நீரு? எனக்க தாலியத் தொட்டுல்லா அழுதாளுவ!”

“நான் ஊதல்ல ஏட்டி. சகாயமாக்கும்...”

“மரிச்ச மனுசனுக்க தலையில பழியப் போடாதேயும்.” சாக்ஸபோனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “லிஜாவுக்கு போன் போடும். இத்தன பேருக்க முன்ன உள்ளதச் சொல்லும்.”

ஸ்பீக்கரில் போட்டேன். இதற்குள் மழை பிடித்திருக்க, குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலை கொண்டுவந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் மாலையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. செத்தே போயிருக்கலாம் என்றிருந்தது.

“மக்கா... அப்பாவுக்கு ஒண்ணும் ஊதத் தெரியாது. சொன்னதெல்லாம் கள்ளம். பேர எடுத்திரு.”

லிஜா குரலை உயர்த்தினாள்.

“அப்பா, நீங்க சொல்லது ஒண்ணுமே கேக்கல்ல. பக்கத்துல வாசிக்கவியள கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

அறையில் ஓட்டுத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

யாரும் வாசிக்கவில்லை.

எல்லாரும் சபிதாவைப் பார்த்தார்கள். அவள் சாக்ஸபோனைத் தன் உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்திருந்தாள். விரல் எதுவும் படாமலே அதன் பித்தளைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கின.

சபிதா போனை நோக்கிக் குனிந்தாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

“மக்கா... அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா சகாயமாக்கும் ஊதினதுன்னு அவிய சொன்னது நெசம். இது சகாயம் மாமன். எனக்க கைக்குள்ள இருந்து வாசிக்காவ.”