மங்களம் போட்ட ஜாதகம்

இரண்டு பக்கத்தில் முடிந்துவிட வேண்டிய நாலு மணிப் பட்டியல் அன்றைக்கு முடியவில்லை.

பிரிண்டர் மூன்றாவது தாளை இழுத்தபோது விஜயலக்ஷ்மி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ஐந்தாவது தாள் வந்தபோது எழுந்தாள். மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் அவளுடைய கல்யாணத் தகவல் நிலையத்தில் தினமும் நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பிள்ளைகளின் ஜாதகங்களையும் பெண்களின் ஜாதகங்களையும் பொருத்திப் பார்த்து, யாருக்கு யார் என்று ஒரு பட்டியல் அடித்துக் கொடுக்கும். ஆடி மாதத்தில் அது ஒரு பக்கம் தேறினாலே பெரிது. ஆடியில் ஜாதகத்தை யார் வெளியே எடுக்கிறார்கள்? வெளியே மழை ஜன்னல் தகரத்தில் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்கு நடுவில் பிரிண்டர் நிதானமாக ஏழாவது தாளைத் தள்ளியது. புது சர்வர் வந்த அன்றே இப்படியா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

புது சர்வர் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுதான் விஷயமே.

பதினோரு வருஷம் உழைத்த பழைய சர்வர், ஆடி பிறந்த மூன்றாம் நாள் முனக ஆரம்பித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் இசக்கிராஜ் தாராவியிலிருந்து வந்து, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க் போச்சு மாமி. பத்து நாள் தாங்கினாப் பெருசு. மூணு வழி இருக்கு, பாத்துக்கிடுங்க. ஒண்ணு, புதுப் பெட்டி. மூணு வருசம் வாரண்டி உண்டு, நிம்மதியா இருக்கலாம். ரெண்டு, கிளவுடு. பெட்டியே வேண்டாம், எல்லாம் இன்டர்நெட்ல கெடக்கும். மூணு, ஒரு ஆபீஸ்ல கழிச்சுவிட்ட பழைய சர்வர் என்கிட்ட வந்திருக்கு. ஓடும். ஆனா நான் புதுசத்தான் சொல்லுவேன்."

கிளவுடை விஜயலக்ஷ்மி யோசிக்கவே இல்லை. ஊர் வீட்டுப் பெண்களின் ஜாதகத்தையெல்லாம் எங்கேயோ பேர் தெரியாத இடத்தில் போட்டுவிட்டு எப்படித் தூங்குவது? புதுப் பெட்டிதான் சரி. ஆனால் ஆடியில் புதிதாக ஒரு துடைப்பம்கூட வாங்காத கை அவளுடையது.

"ஆவணி பொறந்ததும் புதுசு வாங்கலாமே, இசக்கிராஜ்."

"அதுவரைக்கும் இது தாங்காது மாமி."

"அப்போ அந்தப் பழசையே கொண்டு வாங்கோ. பழசு எப்படிப் புதுசாகும்? ஆடிக்கு தோஷமில்லை."

தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே ஒரு சந்தோஷம். இசக்கிராஜ் தலையைச் சொறிந்துகொண்டார். இன்று காலை சாம்பல் நிறப் பெட்டி வந்தது. பக்கவாட்டில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு. சாமான் அறையில் வைத்து, பழைய தகவலையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, இரண்டு மணிக்கு அவர் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகுதான் அந்த அறையிலிருந்து ஈர இரும்பு வாசனை வர ஆரம்பித்தது. மழை நாளில் லோக்கல் ரயில் கதவுக் கம்பியைப் பிடித்த கையை முகர்ந்தால் வருமே, அந்த வாசனை. மழைதான் காரணம் என்று அவள் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

நடுநடுவே தாள் சிக்கிச் சிக்கி, பத்தொன்பது தாள்கள் வந்து பிரிண்டர் ஓய்ந்தபோது மணி ஐந்தேகால். மேலோட்டமாகப் புரட்டினாள். எல்லாம் தெரியாத பெயர்கள், பழைய பதிவு எண்கள். இசக்கிராஜ் எதையோ குளறுபடி செய்திருக்கிறார் என்று நினைத்து மூடப்போனவளின் கண்ணில் ஒன்பதாவது தாளில் ஒரு பெயர் பட்டது. சுஷ்மா.

அவளுடைய பெண்.

இருபத்தேழு வயது. தாணேயில் வேலை. "இன்னும் ரெண்டு வருஷம் என் ஜாதகத்தை நீ தொடப்படாது" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஊரார் பெண்களுக்கெல்லாம் வரன் பார்க்கிறவள் தன் பெண்ணுக்குப் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? போன மாதம் ரகசியமாக ஏற்றிவிட்டாள். தொடர்புக்குத் தன் போன் நம்பரையே கொடுத்திருந்தாள்.

சுஷ்மாவுக்கு எதிரே: வேங்கடசுப்ரமணியன், இருபத்தொன்பது, செம்பூர். பொருத்தம் பத்துக்குப் பத்து.

விஜயலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, சந்தோஷத்தில். இத்தனை வருஷத்தில் எட்டு பார்த்திருக்கிறாள், அபூர்வமாக ஒன்பது. ரஜ்ஜு, வேதை எல்லாம் சேர்ந்து பத்தும் பொருந்தி அவள் பார்த்ததே இல்லை. ஆடியாவது ஒன்றாவது. அதிலிருந்த நம்பரைச் சுழற்றினாள். ஒரு வயதான அம்மாள் எடுத்தாள்.

"வேங்கடசுப்ரமணியன் ஜாதக விஷயமாப் பேசறேன் மாமி. மாட்டுங்கா கல்யாண ஆபீஸ்லேருந்து."

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது.

"வெங்கி போய் ஆறு வருஷம் ஆறது மாமி."

"அப்படியா! எங்கே, அமெரிக்காவா?"

"ரயில்லேருந்து விழுந்துட்டான். இதே மாதிரி ஒரு மழை நாள். தாணேக்கு ஒரு பொண்ணைப் பார்க்கப் போயிண்டிருந்தான். கதவுகிட்ட நின்னா காத்து நன்னா வரும்பான், கேக்க மாட்டான்." குரல் உடைந்தது. "கல்யாணம் ஆகணும்னு அப்படி ஆசைப்பட்டான், மாமி. உங்க ஆபீஸ்லேருந்து ஜெயராம் மாமா வந்தாரே துக்கம் கேக்க. ஃபைல்ல மங்களம் போட்டுட்டேன்னு சொன்னாரே."

விஜயலக்ஷ்மி மன்னிப்புக் கேட்டாளா, கேட்காமல் வைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. உடனே இசக்கிராஜைக் கூப்பிட்டாள்.

"மங்களம்னு இருந்த ஃபைலை எல்லாம் என்ன பண்ணினேள்?"

"நடப்புப் பட்டியல்ல சேத்துட்டேன் மாமி. எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகைல மொத வார்த்தையே மங்களம்தானே? இனிமேதான் நல்லது நடக்கப்போவுதுன்னு நெனச்சேன். ஏன், தப்பாயிட்டா?"

"ஐயோ. கச்சேரி முடியறப்போ மங்களம் பாடுவாளே, அந்த மங்களம். ஃபைல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கல்யாணம் ஆனவாளுக்கும் அதைத்தான் போடுவார் ஜெயராம் மாமா. இன்னொண்ணுக்கும் அதான்."

"இன்னொண்ணுன்னா?"

அவளால் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்ற ஜெயராம் வைத்த சட்டம் அது. கல்யாணக் காரியம் நடக்கும் இடத்தில் அந்த வார்த்தை வாயிலும் வரக்கூடாது, கம்ப்யூட்டரிலும் ஏறக்கூடாது. பழகிப் பழகி அவளுக்கு அதைச் சொல்ல நாக்கே வராது.

"நாளைக்குக் காலைல வந்து சரி பண்ணிருதேன் மாமி. அதுவரைக்கும் அவசரமான ஃபைல் ஏதும் இருந்தா நீங்களே மங்களம்னு அடிச்சு மூடிருங்க."

வேங்கடசுப்ரமணியனின் ஃபைலைத் திறந்தாள். நிலை என்ற இடத்தில் 'நடப்பு' என்று இருந்தது. அழித்தாள். மங்களம் என்று அடித்தாள். ஏறியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மறுபடியும் நடப்பு. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் நடப்பு. நாலாவது தடவை அடிப்பதற்குள் கீழே, காலியாக இருந்த இன்னொரு இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பெண் பார்த்தல்: இன்று. மாலை ஐந்தரை.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

சாமான் அறையில் சர்வரின் விசிறிச் சத்தம் மாறியிருந்தது. இதுவரை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது இப்போது விட்டு விட்டு, தடக் தடக் என்று, கொஞ்சம் வேகமெடுத்து. சாத்திய கதவின் அடியில் ஈர இரும்பு வாசனை. மணி ஐந்து நாற்பத்தெட்டு.

சுஷ்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, நீ பண்ணினது கொஞ்சங்கூட நன்னா இல்லை. சத்தியம் பண்ணிட்டு ஜாதகத்தைக் கொடுத்திருக்கே. தாணே ஸ்டேஷன்ல, பிளாட்ஃபாரத்துலயே வந்து நிக்கறார். நீதான் அனுப்பினேன்னு சொல்றார்."

"யாருடி?"

"வெங்கியாம். ஆள் பரவாயில்லை, மரியாதையாப் பேசறார். தொப்பலா நனைஞ்சிருக்கார், பாவம்."

"சுஷ்மா, அவன் இல்லைடி!"

"அச்சா, இவர் இல்லையா? இவர்தாம்மா. வேங்கடசுப்ரமணியன், செம்பூர். ஐடி கார்டுகூட காட்டினார்."

"அதில்லை... அவன் போயிட்டான்டி."

"எங்க போனார்? என் பக்கத்துலதானே நிக்கறார். இரு, ட்ரெயின் வந்துடுத்து."

கூட்டத்தின் சத்தம். பெண்களின் கத்தல், வளையல், பை உரசல். விஜயலக்ஷ்மி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"ஏறிட்டேன்மா." சுஷ்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "அவரும் ஏறிட்டார். லேடீஸ் டப்பாவுல."

"என்ன?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைம்மா. யாரும் அவரைப் பார்க்கவே இல்லை."

மாலை ஆறு மணிக்கு, பெண்கள் மட்டுமே ஏறும் லேடீஸ் டப்பாவில் ஓர் ஆண் கால் வைத்தால் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பெண்கள் கிழித்துவிடுவார்கள். விஜயலக்ஷ்மிக்கு அது தெரியும். சுஷ்மாவுக்கும் தெரியும்.

"உள்ளே வா. நடுவுல வந்து உக்காரு. கண்ணு, சொன்னாக் கேளு!"

"கதவுகிட்ட வரச் சொல்றார்மா. காத்து நன்னா வரதாம்."

"செத்துப்போனவன்டி அவன்! செத்துப்போயிட்டான்! செத்துப்போனவன்!"

சொல்லிவிட்டாள். அறை முழுக்க அந்த வார்த்தை. போனில் தடக் தடக் மட்டும்தான் கேட்டது. காற்று. பிறகு அதுவும் இல்லை.

சாமான் அறையில் கேட்டது.

ஓடினாள். இருட்டில் தடவி ஒயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. தடக் தடக் நிற்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு ஒரே ஒரு தரம், கனமாக எதிலோ எதுவோ பட்டதுபோல ஒரு சத்தம். நிசப்தம்.

மேஜைக்கு வந்தாள். திரையில் இரண்டு வரிகள், ஒன்றின் கீழ் ஒன்று. வேங்கடசுப்ரமணியன், மங்களம். சுஷ்மா, மங்களம்.

எந்த மங்களம்?

மறுபடி சுஷ்மாவின் நம்பர். போகவில்லை. மறுபடி. போகவில்லை. தெய்வமே, என் குழந்தை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மணி ஐந்து ஐம்பத்தேழு.

வாசலில் தட்டும் சத்தம்.

"அம்மா. நாங்க வந்துட்டோம். கதவைத் திற."

சுஷ்மாவின் குரல்தான். விஜயலக்ஷ்மிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாய்ந்து போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். விலக்கிய பிறகுதான் கணக்கு மண்டையில் ஏறியது. தாணேயிலிருந்து மாட்டுங்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவள் ரயிலேறி ஏழெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

கதவு தானாகத் திறந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் குனிந்த தலையோடு உள்ளே வந்து, கல்யாணமான கையோடு பெரியவர்கள் காலில் விழுகிற புது ஜோடியைப் போல, சேர்ந்தாற்போல் தரையில் விழுந்து நமஸ்காரம் செய்தார்கள். சுஷ்மாவின் பின்னலிலிருந்து தண்ணீர் தரையில் பரவி அவள் பாதத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை அது.

"சுஷ்மா, எழுந்திருடி."

எழுந்திருக்கவில்லை.

மேஜை மேல் போன் அடித்தது. தெரியாத நம்பர், லேண்ட்லைன். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

அவள் எடுக்கப் போகவில்லை. பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய முதுகு. ஆசீர்வாதம் வாங்காமல் காலடியிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று சுஷ்மாவுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"மாமி," என்றது தரையிலிருந்து ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக. "தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லுங்கோ."