அண்ணனுக்கு வந்த மாத்திரை

மதிவாணன் டீ டம்ளரை விளிம்பில் பிடித்துத் தூக்கினான். அதுதான் முதலில் அவன் பெண்டாட்டி அம்சவல்லியின் கண்ணில் பட்டது. மினி லாரி ஓட்டுகிற கை அது. எதையும் முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். அந்த முரட்டுப் பிடிக்கு இந்த வீட்டில் தப்பிய கண்ணாடி டம்ளர் ஒன்றுகூடக் கிடையாது. இன்றைக்கோ மூன்று விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் எடுத்துக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கவிழ்த்து மெல்ல ஒரு உதறு உதறி வைத்தான். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுக்கிறவர்கள், பூச்சில் விரல் தடம் விழக் கூடாதென்று அப்படித்தான் பிடிப்பார்கள்.

மதிவாணன் கம்பெனி வாசலில் லோடு ஏற்றுவதோடு சரி, முக்கும் தொட்டிப் பக்கம் போனவனே இல்லை. அந்த வேலை கோதண்டபாணியுடையது. அவர் செத்து, காரியமும் முடிந்து, அவர் குடியிருந்த அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இரண்டு பேருக்கும் வந்திருந்தது ஒரே வியாதி, ரத்தப் புற்றுநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனைக்கு இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கெட்ட அணுவை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கிற மாத்திரையாம். பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்குப் பழைய மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. டப்பாவும் ஒன்று போல, மாத்திரையும் ஒன்று போல. கோதண்டபாணி ஒண்டிக்கட்டை. தன் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மாத்திரை வெந்துவிடும் என்று, தன் டப்பாவையும் அம்சவல்லியிடமே கொடுத்து வைத்தார். காலையில் வெறும் வயிற்றோடு வருவார். உடுப்பிலிருந்து வெள்ளை மண் கொட்டும் என்பதால் வாசல் தாண்ட மாட்டார். அவளைத் தங்கச்சி என்றும் மதிவாணனை மாப்ள என்றும் அழைப்பார்.

அவர் தேறினார். மதிவாணன் தேறவில்லை. விலா எலும்பு தெரியத் தெரிய, புது மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு டப்பாவையும் தட்டுகளில் கொட்டி, மாற்றி நிரப்பினாள். அரிசியில் கல் பொறுக்குவதைவிடச் சுலபமாக இருந்தது. அடுத்த மாதமும் மாற்றினாள். அதற்கடுத்த மாதம் அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க மாற்றினாள்.

கோதண்டபாணி வெளுத்துப் போனார். தான் குடித்த பீடிதான் இப்படிப் பண்ணுகிறது, பாவம் நீ என்ன செய்வாய் என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அன்றைக்கு அவளால் தூங்கியிருக்க முடியும்.

மதிவாணனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் முதுகில் தட்டினார். சேத்தியாத்தோப்பு வரை லோடு அடிக்கத் தொடங்கினான். பெண்டாட்டி பார்த்துக்கொண்ட பார்வைதான் அவனைப் பிழைக்க வைத்தது என்று தெருவே சொன்னது. கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

டம்ளரைப் பிடித்த நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பீடியையே தொடாதவன் சட்டையில் பீடி நாற்றம். கட்டில் இருக்க வெறுந்தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுக்கை. கூட்டக் கூட்டத் தீராமல் கட்டிலுக்கடியில் மாவு போல வெள்ளை மண், அதிலிருந்து கிளம்பும் ஈரக் களிமண் வாசம், ராத்திரி ஜங்ஷனில் கூட்ஸ் பெட்டிகள் இணைகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் அவனிடமிருந்து ஒரு வயதானவரின் இருமல். முகம் மட்டும் மதிவாணன் முகம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் போய்விடாது என்பது போல.

சித்திரை வெயில் உச்சியில் நின்ற ஒரு பகலில் அவன் சாப்பிட உட்கார்ந்தான். கரண்ட் போய் மின்விசிறி கிறீச்சிட்டு நின்றது. தெருவில் நாய்கூட இல்லை.

"அம்சா."

வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது. அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான்.

"அம்சா, கதவத் தொற. வெயிலு தாங்கல."

மதிவாணன் குரல். வியாதியில் கிடந்தபோது இருந்த அதே வறண்ட குரல். அவள் தட்டுக்கு முன்னால் இருந்தவனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தொறக்காத, தங்கச்சி."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கதவுக்குக் கீழே, வெயில் கோட்டை மறைத்து ஒரு நிழல்.

"நீ தொறந்தா நான் கெளம்பணும். என் மாத்திரையில நிக்கிற ஒடம்பு இது. நான் போயிட்டா நிக்காது." கோபமே இல்லாமல் சொன்னான். "கொஞ்ச நேரம் கூப்புடுவாரு மாப்ள. அப்புறம் ஓஞ்சிடுவாரு. கடேசியா வந்த அன்னிக்கி நானும் அப்படித்தான் ஓஞ்சேன். நீ உள்ளதான் இருந்த. எனக்குத் தெரியும்."

அன்றைக்கு அவள் உள்ளேதான் இருந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. அது யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு சுட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு. இழுத்து இழுத்து.

"அம்சா. நான்தான்."

திறந்தால் புருஷன் உள்ளே வருவான். வந்து படுக்க உடம்பு இருக்காது. திறக்காவிட்டால் அவன் முகம் இருக்கும். தாலி இருக்கும். தெரு அப்படியே மெச்சிக்கொண்டிருக்கும்.

கை இறங்கியது.

முதல் தடவை மாத்திரையை மாற்றுமுன் யோசிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நகம் கதவைப் பிறாண்டியது. அவள் திரும்பி வந்து தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் திறந்து கரண்டியால் கலக்கினாள்.

"ரசம் ஊத்தட்டுமா, அண்ணே?"

புருஷனின் முகம் தலையாட்டியது. வெளியே மதிவாணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.