உள்ளே போன காற்று

அழாமலே தொண்டையில் உப்புக் கரித்தது.

காலை வெயில் சோபாவில் நேராக விழுந்திருக்க, சுவருக்கு அப்பால் துணி துவைக்கும் இயந்திரம் உருண்டுகொண்டிருக்க, அண்ணி காய் நறுக்கும் ஓசை ஒவ்வொரு வெட்டாக நெற்றிக்குள் இறங்க, அவள் அந்த உப்பைச் சத்தமில்லாமல் விழுங்கினாள். மூக்கு வழியாக நுழைந்து மண்டையோட்டின் அடியிலிருந்த கட்டியை எடுத்து இன்றோடு ஆறு நாள். திறந்த இடத்தைத் தொடைக் கொழுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். குனியக்கூடாது. மூக்கைச் சிந்தக்கூடாது, உறிஞ்சக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

"தண்ணியா வடிஞ்சா உடனே சொல்லும்மா," என்றிருந்தார் டாக்டர். "அது மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி. அது வெளிய போனா காத்து உள்ள போகும். மறைச்சா உயிருக்கே ஆபத்து."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, முழுங்கிக்கிட்டே இருக்க?"

"எச்சில் அண்ணி."

"இன்னொரு தடவ ஆஸ்பத்திரின்னு கிளம்பினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உங்கண்ணன் உன் கட்டிலுக்குக் காவல் இருக்கட்டும். இந்த ஊருக்கு நீ வேலை தேடி வந்தியா, படுக்கை தேடி வந்தியா?"

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். காது கேட்காதவன் போல.

மேலுதட்டில் ஒரு துளி இறங்கியது. அண்ணி பார்ப்பதற்குள் உறிஞ்சிவிட்டாள். மூன்று நாளாக இதே வேலைதான். உறிஞ்சுவது, விழுங்குவது, கேட்டால் சிரிப்பது. ஆனால் இந்த முறை கண்களுக்குப் பின்னால், மிக உயரத்தில், ஒரு குமிழி உடைந்தது. நீர் விலகிய இடத்தில் சில்லென்று ஏதோ நுழைந்து, பரவி, புது வீட்டில் கால் நீட்டிப் படுப்பவரைப் போல மெல்ல விரிந்தது.

பிறகு ஒரு மூச்சு.

தன் மூச்சாக இருக்கும் என்று நினைத்தாள். நெஞ்சில் கை வைத்து மூச்சைப் பிடித்தாள். நெஞ்சு அசையவில்லை.

தலைக்குள் இழுத்தது. விட்டது.

மூக்கைப் பொத்தினாள். வாயைப் பொத்தினாள்.

இழுத்தது. விட்டது.

போதும். சொல்லிவிடலாம். அண்ணி போனால் போகட்டும். உயிர் இருக்கட்டும்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அழைத்தாள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினான். கண் மட்டும் அண்ணி மேல் இருந்தது.

"எப்படி இருக்கீங்க? மூக்குல தண்ணி வருதா? தொண்டையில உப்புக் கரிக்குதா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். உதடு பிரியவில்லை. விரலால் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

"இல்ல சிஸ்டர். நல்லா இருக்கேன்."

அவளுடைய குரல். உதடு மூடியே இருந்தது. அதே பணிவு.

"சரிம்மா. அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வந்தா போதும்."

அண்ணன் பெருமூச்சு விட்டுப் போனை அணைத்தான். திரும்பிப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கதவு சாத்திக்கொண்டது. அண்ணி கத்தியை எடுத்தாள்.

சோபாவில் அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் தெளிந்த நீர் நிற்காமல் ஓடியது.

"அண்ணி," என்றது தலைக்குள்ளிருந்து, செல்லமாக. "பசிக்குது."