பதிவு நடக்கிறது

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் குடித்தான். ஏழு மாதமாக ஒன்றுதான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இறந்துபோன மனைவியின் அறைக்குப் போய், கதவைத் திறந்தபடி விட்டு, மடிக்கணினி முன் உட்கார்ந்தான்.

பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடங்கள் அவன் பொறுப்பு. காணொளியை வெட்டி ஏற்றுவது, வருகைப் பதிவு, வினாடி வினா எல்லாம். அவள் அங்கே புள்ளியியல் விரிவுரையாளர். இந்த மேசையில் பன்னிரண்டாவது பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள்.

திரையில், மாணவர்களின் கேள்விப் பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது.

மைத்துனனைப் போனில் கூப்பிட்டான். அவளுடைய தம்பி. அதே பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பிரிவு.

“நேத்துலேருந்துதான் மாமா. கேள்வி கேட்டா ஏஐ அக்கா மாதிரியே பதில் சொல்லும். அக்கா பதிவையெல்லாம் கொடுத்துப் பழக்கியிருக்கோம்.”

“யாரைக் கேட்டு?”

“நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க.”

போட்டிருந்தான். அவள் இறந்த வாரம், தோளில் கைபோட்டு, ‘அக்கா குரலாவது இருக்கட்டும் மாமா’ என்று மைத்துனன் நீட்டிய தாள். கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்று படிக்காமலே போட்டான்.

பலகையில் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: ‘மேடம், பன்னிரண்டாவது பாடம் ஏன் பாதியில் நிற்கிறது?’

கீழே பதில்: ‘கதவு திறக்கவில்லை.’

மின்விசிறியின் கிறீச்சும், அடுப்படிக் குழாயின் சொட்டும், நாற்காலித் துணியில் இன்னும் போகாத அவள் தலையெண்ணெய் வாசமும் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

பதிவு செய்யும்போது கதவுக்கு வெளியே ஓர் அட்டை மாட்டுவாள். ‘பதிவு நடக்கிறது.’ “வீடு பத்தி எரிஞ்சாலும் நீங்க ஓடிடுங்க, கதவை மட்டும் தட்டாதீங்க” என்பாள். அவள் இறந்ததற்கு முந்தின நாள் மறந்துபோய்த் திறந்துவிட்டான். “எழுதியிருக்கிறதைப் படிக்கக்கூடவா தெரியாது?” என்றாள். அதனால் மறுநாள் அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டபோது தேநீரோடு வெளியே நின்றான். வீம்பு. நான்கு நிமிடம்.

கடைக்குப் போயிருந்ததாக எல்லாரிடமும் சொன்னான். அட்டையைக் கிழித்தான். அந்த நான்கு நிமிடத்தையும் பதிவிலிருந்து வெட்டினான்.

“மாப்ள, பன்னிரண்டாவது பதிவை எதுவரைக்கும் கொடுத்தே?” என்று போனில் கேட்டான்.

“முழுசா. வெட்டினா மறையத்தான் செய்யும் மாமா, அழியாது. தினமும் இதே வேலை பாக்குறீங்க, தெரியாதா?” மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். “நான் பாத்தேன். கதவுக்கு அடியில ரெண்டு கால் தெரியுது.”

போனை வைத்துவிட்டான்.

திரையில் பாடம் தானாக ஓடியது. வெட்டிய இடத்திலிருந்து. அவள் கன்னம் மேசையில் கிடந்தது. பின்னால் மூடிய கதவு. அதன் அடியில் இரண்டு நிழல்கள்.

நிறுத்தும் பொத்தானுக்குக் கையை நீட்டினான். வலது கை எழவில்லை.

தலைக்குள் ஏதோ சூடாக வழிந்தது.

முதுகுப் பக்கம் கதவு சாத்திக்கொண்டது. அதன் வெளிப்புறத்தில் ஓர் அட்டை டக், டக்கென்று ஆடியது.

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. கோட்டில் இரண்டு கால்கள். புதிதாகப் போட்ட தேநீரின் வாசம்.

கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை.

கால்கள் நகரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

மடிக்கணினியிலிருந்து, குழறி, ஏழு மாதத்துக்கு முன் கடைசியாகச் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

“அட்டையைப் பாக்காதீங்க. உள்ள வாங்க.”